கொடி பக்குவமாகும் முன் தேதி குறிக்காதீர்கள்

தென் பசிபிக்கில் உல்லாசக் கப்பல் விடும் நிறுவனங்களின் பயணத் திட்டக் குழுவினருக்கு,

வணக்கம். வனுவாட்டு நாட்டின் பெந்தகோஸ்ட் தீவில் நீங்கள் கப்பல் நிறுத்தும் தேதி பற்றியே இந்த மடல். தீவின் தென்பகுதியில், சா மொழி பேசும் ஊர்களில், கணுக்காலில் காட்டுக்கொடியைக் கட்டிக்கொண்டு மரக் கோபுரத்திலிருந்து ஆண்கள் தலைகீழாகக் குதிக்கும் நாங்கோல் என்ற சடங்குக்கு ஏப்ரல் முதல் ஜூன் வரைதான் காலம். அது வள்ளிக்கிழங்கு அறுவடையோடு சேர்ந்தது. மழை ஓயும் அந்த வாரங்களில்தான் காட்டுக்கொடியும் இழுத்தால் நீண்டு கொடுக்கும் பக்குவத்துக்கு வருகிறது.

1974இல் எலிசபெத் அரசியாரின் வருகைக்காக இந்தச் சடங்கைப் பிப்ரவரியிலேயே நடத்த வைத்தார்கள். குதித்த ஒருவரின் கால்களில் கட்டிய கொடிகள் இரண்டும் அறுந்தன. முதுகெலும்பு முறிந்து, பிறகு அவர் மருத்துவமனையில் இறந்தார். விருந்தாளிக்காகப் பருவத்தை மாற்றினால் என்ன ஆகும் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

ஆணியோ கம்பியோ இல்லாமல், மரத்தைக் கொடியால் கட்டியே 20 முதல் 30 மீட்டர் உயரக் கோபுரத்தை எழுப்புகிறார்கள். அதற்கே வாரக்கணக்கில் ஆகும். கீழே கல் பொறுக்கி, மண்ணைக் கொத்திப் பொலபொலப்பாக்க வேண்டும். குதிப்பவரின் எடைக்கு ஏற்ற கொடியை ஊர்ப் பெரியவர் கண்ணாலேயே தேர்ந்தெடுப்பார். நுனியை நார்நாராகப் பிரித்துக் கணுக்காலில் கட்டுவார்கள். கொடி சற்று நீளமானால் ஆள் தரையில் மோதுவார். குட்டையானால் ஊசலாடித் திரும்பிக் கோபுரத்தில் இடிப்பார். விழும்போது, அவர் நின்று குதித்த மேடையைத் தாங்கும் குச்சிகள் முறிந்து அதிர்ச்சியில் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். முறிவதற்கென்றே வைத்த குச்சிகள் அவை. அதைக் கண்டு பதறும் பயணிகளுக்குக் கப்பலிலேயே விளக்கிச் சொல்லுங்கள்.

வெட்டிய கொடி நாளாக நாளாக உலரும். ஆகவே "அடுத்த வாரம் வருகிறோம்" என்பது எளிய தேதி மாற்றம் இல்லை. புதுக்கொடி வெட்ட வேண்டும், மறுபடி எடை பார்க்க வேண்டும். கடல் கொந்தளித்துப் படகு இறக்க முடியாமல் கப்பல் தாண்டிப் போனாலும் ஊரார் உழைத்தது உழைத்ததுதான். அந்த நாளுக்கும் பேசிய தொகையைக் கொடுக்கும்படி ஒப்பந்தத்தில் எழுதுங்கள். இதுதான் இந்த மடலின் முதன்மையான கோரிக்கை. தேதியையும் ஊர்த் தலைவர்களிடம் கேட்ட பிறகே பயண அட்டவணையில் சேர்க்க வேண்டும்.

கோபுரத்தை நெருங்கப் பெண்களுக்கு அங்கே வழக்கப்படி தடை உண்டு. பயணிகளும் அதை மதிக்க வேண்டும். வணிகப் படப்பிடிப்புக்கு 2006இல் வனுவாட்டுப் பண்பாட்டு மையம் தடை போட்டது. ட்ரோனைக் கப்பலிலேயே வைத்துவிடச் சொல்லுங்கள். கைவினைப் பொருள் வாங்க 200, 500 வாட்டு நோட்டுகளை முன்கூட்டியே மாற்றிக் கொடுங்கள். ஊரில் பெரிய நோட்டுக்குச் சில்லறை கிடைப்பது கடினம்.

கீழ் மேடையிலிருந்து சிறுவர்கள் முதலில் குதிப்பார்கள். அனுபவசாலி உச்சியிலிருந்து கடைசியாகக் குதிப்பார். நடுவில் சங்கு ஊதிப் பயணிகளைக் கூட்டிப் போகாதீர்கள். கப்பலுக்குத் திரும்பும் முதல் படகே அந்த உச்சிக் குதிப்பு முடிந்த பிறகு கிளம்பட்டும்.