வாய் அறுவை சிகிச்சையும் மருத்துவக் காப்பீடும்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். "ஞானப்பல்லை அறுத்து எடுக்கணுமாம், இன்சூரன்ஸ் கிடைக்குமா?" எங்கள் கிளினிக்கில் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. ஒரு சொல்லில் பதில் சொல்ல முடியாததால்தான் இந்த மடல்.

‘பல் சிகிச்சை சேராது’ என்ற வரி பல மருத்துவக் காப்பீட்டுப் பாலிசிகளில் உண்டு. அதைப் படித்ததுமே மனம் தளர்ந்து, கிளெய்ம் போடாமல் விட்டுவிடுபவர்கள் நிறையப் பேர். கொஞ்சம் பொறுத்து அடுத்த வரிகளையும் படியுங்கள். விபத்தில் உடைந்த தாடை, தாடைக்குள் வளர்ந்த நீர்க்கட்டி, சந்தேகத்துக்குரிய புண்ணிலிருந்து எடுக்கும் சதைத் துணுக்குப் பரிசோதனை போன்றவற்றைப் பல நிறுவனங்கள் பல் கணக்கில் வைப்பதில்லை. மருத்துவ சிகிச்சையாகவே பார்க்கின்றன. சொத்தைப் பல்லை அடைப்பது, செயற்கைப் பல் பொருத்துவது, அழகுக்காகச் செய்வது ஆகியவற்றுக்குப் பெரும்பாலும் பணம் வராது.

இழுபறி ஞானப்பல்லில்தான். சாதாரணமாகப் பிடுங்கினால் அது பல் சிகிச்சை. எலும்புக்குள் புதைந்து, ஈறைக் கீறி எலும்பை அகற்றி எடுத்தால் சில பாலிசிகள் அதை அறுவை சிகிச்சையாக ஏற்கின்றன, சில ஏற்பதில்லை. ஆகவே மருத்துவர் என்ன எழுதுகிறார் என்பது முக்கியம். ‘பல் எடுக்கப்பட்டது’ என்று மட்டும் இருந்தால் நடந்தது என்னவென்று படிப்பவருக்குத் தெரியாது. பல் எவ்வளவு புதைந்திருந்தது, சீழ் பிடித்ததா, கீழ்த்தாடை நரம்பை ஒட்டியிருந்ததா என்பதெல்லாம் குறிப்பிலும் எக்ஸ்-ரேயிலும் தெரிய வேண்டும். நோய்க் குறியீடும் சரியாக இருக்க வேண்டும்: உலக சுகாதார நிறுவனத்தின் நோய்க் குறியீட்டுப் பட்டியலான ஐசிடி-10-இல் புதைந்த பல்லுக்கு கே01.1, கீழ்த்தாடை எலும்பு முறிவுக்கு எஸ்02.6. உள்ளதை முழுமையாக எழுதித் தருவது எங்கள் கடமை. இல்லாத நோயை எழுதித் தரும்படி மட்டும் கேட்காதீர்கள். அது உங்கள் பாலிசியையே ரத்தாக்கிவிடலாம்.

அவசரமில்லாத அறுவை என்றால், தேதி குறிப்பதற்கு முன்பே காப்பீட்டு நிறுவனத்திடம் முன் அனுமதி கேட்டுவிடுவோம். காத்திருப்புக் காலம் (பாலிசி எடுத்த பிறகு சில சிகிச்சைகளுக்குப் பணம் கிடைக்காத காலம்) முடிந்துவிட்டதா, மயக்க மருந்துச் செலவு சேருமா, மருத்துவமனையில் தங்க வேண்டுமா அல்லது அன்றே வீடு திரும்பலாமா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். தொலைபேசியில் கிடைத்த ‘சரி’ பின்னால் கைகொடுக்காது.

மறுத்துவிட்டால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். காகிதக் குறையால் நின்றுபோன கிளெய்ம் என்றால், கூடுதல் மருத்துவக் குறிப்புடன் மேல்முறையீடு செய்யலாம். அந்தக் குறிப்பை நாங்கள் எழுதித் தருகிறோம்.

முதல் முறை வரும்போதே பாலிசியின் முழுப் பிரதியைக் கொண்டுவாருங்கள், அட்டை மட்டும் போதாது. உட்கார்ந்து சேர்ந்தே படிப்போம்.

இப்படிக்கு,
உங்கள் கிளினிக் குழுவினர்