சிப்காட் வேலைக்கு முக்கூடல் பிள்ளைகள்

ஐயா,

நம் மாவட்டத்துக் கங்கைகொண்டான் சிப்காட் தொழிற்பேட்டையில் சூரிய மின்தகடு ஆலை, 2025-இல் தூத்துக்குடியில் மின்சாரக் கார் ஆலை. சந்தோஷம்.

ஆனால் என் தங்கை மகள், இயற்பியல் பட்டதாரி, புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வாங்கிப் படித்தவள், இன்று அம்மாவோடு திண்ணையில் சொளகை மடியில் வைத்துப் பீடி சுற்றுகிறாள். நேர்முகத் தேர்வில், "மெஷினைத் தொட்டிருக்கிறாயா?" என்று கேட்டார்களாம். எங்கே போய்த் தொடுவாள்?

புதுக் கல்லூரிகள் வரட்டும், வேண்டியதுதான். அதோடு கடைசி வருஷத்தில் ஆறு மாதமாவது ஆலையில் சம்பளத்தோடு பயிற்சியை அரசு கட்டாயமாக்க வேண்டும். அப்புறம், காலை ஷிப்டுக்கு இங்கிருந்து கங்கைகொண்டானுக்கு நேர் பஸ் வேண்டும். பெண் பிள்ளைகளை வேலைக்கு அனுப்ப வீட்டில் முதலில் கேட்பது அதைத்தான்.

- ஒரு வாசகர், முக்கூடல், திருநெல்வேலி மாவட்டம்