ஆறு அப்ரோச் மட்டும் போதாது

லிவர்மோர், கலிஃபோர்னியா
அக்டோபர்

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவைப் பற்றி விசாரித்திருந்தாய். இடுப்பு எலும்பு ஆபரேஷனுக்குப் பிறகு வாக்கர் பிடித்து நடந்தவர், இப்போது மொட்டைமாடிக்கு ஏறிப்போய் வற்றல் காயப்போடுகிறார். தங்கை கூடவே இருக்கிறாள். அதனால்தான் நிம்மதியாக இங்கே திரும்பி வர முடிந்தது. உன் மகள் பட்டம் வாங்கிவிட்டாள் என்று படித்ததும் எனக்கே வாங்கிய மாதிரி இருந்தது. அவளிடம் சொல்.

சரி, மேகத்துக்குள் கருவிகளை மட்டும் பார்த்து விமானம் ஓட்டும் தகுதியைத் திரும்பப் பிடிப்பது எப்படி என்று நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். மதுரையில் இருந்த காலத்தில் என் இன்ஸ்ட்ருமென்ட் கரன்சி, அதாவது அந்தப் பழக்கம் இன்னும் செல்லும் என்ற கணக்கு, முழுசாகவே போய்விட்டது. ரேட்டிங் என்ற சான்று நம் கையை விட்டுப் போவதில்லை, அதை வைத்துக்கொண்டு மேகத்துக்குள் போகும் தகுதிதான் போய்விடுகிறது. விதி உனக்கும் மனப்பாடம்: முந்தைய ஆறு காலண்டர் மாதங்களுக்குள் ஆறு அப்ரோச் (கருவிகளைப் பார்த்து ஓடுபாதைக்கு இறங்கி வருவது), ஹோல்டிங் (ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றிக் காத்திருப்பது), பாதையைப் பிடித்துத் தொடர்வது. விட்டுப்போனால் இன்னும் ஆறு மாதம் அவகாசம். அதற்குள் வெளியே தெரியாமல் கண்ணை மறைக்கும் ஹூட் மாட்டிக்கொண்டு ஒரு சேஃப்டி பைலட்டோடு பறந்து கணக்கை நேர் செய்யலாம். 2018-இல் விதியைத் தளர்த்திய பிறகு, அனுமதி பெற்ற சிமுலேட்டரில் இன்ஸ்ட்ரக்டர் இல்லாமலும் செய்யலாம். அதையும் தாண்டினால் ஐ.பி.சி. தவிர, அதாவது இன்ஸ்ட்ரக்டரோடு பறந்து திறமையைச் சரிபார்க்கும் சோதனை தவிர, வேறு வழியில்லை. நான் தாண்டிவிட்டேன். நீ இன்னும் தாண்டவில்லை. கடைசி அப்ரோச்சுகள் ஜனவரியில் என்றால் ஜூலையோடு உன் கரன்சி முடிந்தது, வரும் ஜனவரி 31 வரை அவகாசம் இருக்கிறது.

தெரிந்த பைலட் ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒரு சனிக்கிழமையில் ஆறையும் முடித்துவிட்டால் ஆகாதா என்று கேட்டிருக்கிறாய். சட்டப்படி ஆகும். ஆனாலும் வேண்டாம் என்றுதான் சொல்வேன். அந்த மனிதருடைய வேலை என்ன? நீ ஹூட்டுக்குள் இருக்கும்போது வேறு விமானம் வருகிறதா என்று வெளியே பார்ப்பது. நல்ல சேஃப்டி பைலட் என்றால் அவர் கண் வெளியேதான் இருக்கும். உள்ளே உன் மனம் எவ்வளவு பின்தங்கி ஓடுகிறது என்று பார்க்க ஆள் இல்லை. இத்தனை மாதம் விட்டவனுக்குத் தேவைப்படுவது அதுதான்.

எனக்கு ஐ.பி.சி. செய்தவர் அறுபதைத் தாண்டிய இன்ஸ்ட்ரக்டர் அம்மா ஒருவர். முதல் நாளே ஸ்டாக்டனுக்குக் கூட்டிப்போய் 29ஆர் ஓடுபாதைக்கு ஐ.எல்.எஸ். அப்ரோச் (ரேடியோ கற்றையைப் பிடித்து இறங்குவது) செய்யச் சொன்னார். கை ஆச்சரியமாக ஞாபகம் வைத்திருந்தது. 90 நாட் வேகம், நிமிடத்துக்கு ஏறக்குறைய 450 அடி இறக்கம், இறங்கும் சரிவைக் காட்டும் கிளைட்ஸ்லோப் முள் நடுவிலேயே நின்றது. மறக்காதது கை. மறந்தது வரிசை. சாதகம் விட்ட பாடகருக்கு ராகம் மறப்பதில்லை, பிர்காதான் வழுக்குகிறது. எனக்கும் அப்படித்தான். ஓடுபாதையின் நேர்கோட்டைக் காட்டும் லோக்கலைசரைப் பிடிக்கும் முன் கிடைக்கிற அந்த இரண்டு நிமிட சும்மா இருக்கும் நேரத்தில், ஒருகாலத்தில் இறங்க முடியாவிட்டால் மேலேறிப் போகும் மிஸ்டு அப்ரோச்சை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துக்கொள்வேன், அடுத்த ஃப்ரீக்வென்சியைப் போட்டு வைப்பேன். இப்போது அந்த நேரம் காலியாகவே போனது. அவர் அதைத்தான் பிடித்தார். விமானம் நேராகப் போகும்போதெல்லாம் "அடுத்த இரண்டு வேலை என்ன?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். சில மணி நேரத்துக்குப் பிறகு, அவர் கேட்பதற்குள் என் வாயில் பதில் வந்துவிட்டது. திரும்பி வந்துவிட்டது என்று எனக்கு நம்பிக்கை வந்தது அப்போதுதான்.

அப்புறம் கருவிகளை மறைக்கும் ரப்பர் மூடி. நீ நினைத்த அதே மூடிதான். திருப்பத்தின் நடுவில், ஒரு வார்த்தை சொல்லாமல் விமானத்தின் சாய்வைக் காட்டும் ஆட்டிட்யூட் இண்டிகேட்டர் மேல் ஒட்டினார், அடுத்து திசையைக் காட்டும் ஹெடிங் கருவி மேலும் ஒன்று. இவற்றை இயக்கும் வாக்குவம் பம்ப் போனால் இரண்டும் சேர்ந்துதான் போகும் இல்லையா? திரும்பும் வேகத்தைக் காட்டும் டர்ன் கோ-ஆர்டினேட்டரையும் திசைகாட்டியையும் வைத்துக்கொண்டு ஓர் அப்ரோச் முழுக்க இறங்க வேண்டும். ஐ.பி.சி.யில் இதைத் தவிர்க்கவே முடியாது. ஹோல்டிங், அன்யூஷுவல் ஆட்டிட்யூட் (தாறுமாறாகச் சாய்ந்த விமானத்தை நேராக்குவது), சர்க்கிளிங் (ஓடுபாதையைச் சுற்றிவந்து இறங்குவது) எல்லாம் உண்டு, ஆனால் என் உடம்பு வியர்த்தது இதற்குத்தான். சரியாக வராவிட்டாலும் பயமில்லை, ஐ.பி.சி.யில் தோல்வி என்று லாக்புக்கில் ஏறுவதில்லை. பாடம் நடந்ததாக எழுதிவிட்டு இன்னொரு நாள் வரச் சொல்வார், அவ்வளவுதான்.

கையெழுத்து கிடைத்த பிறகும் ஒன்று பாக்கி இருந்தது. ஹூட்டுக்கு ஓரத்தில் வெளிச்சம் கசியும். மடிமேல் விழும் வெயில் நகர்ந்தால் விமானம் திரும்புகிறது என்று உடம்பு தெரிந்துகொள்ளும். மேகத்துக்குள் அந்த உதவி இல்லை. அதனால் அவரையே மறுபடி உட்காரவைத்து, மான்டரே பக்கம் கடல் மேகம் படிந்திருந்த ஒரு காலையில் போனோம். ஏறிய கொஞ்ச நேரத்தில் வெள்ளை மூடிக்கொண்டது. ஒரு நீளமான திருப்பத்தை முடித்து இறக்கைகளை நேராக்கினேன். உடனே உடம்பு எதிர்ப்பக்கம் சாய்கிறது என்று சத்தியம் செய்தது. கருவியோ மட்டமாக இருக்கிறது என்றது. காதுக்குள் இருக்கும் குழல்களில் திரவம் திருப்பத்தின் வேகத்துக்குப் பழகி, திருப்பம் நின்றதும் எதிர்த்திசையில் ஏமாற்றுகிறது என்று பரீட்சைக்கு இரண்டு பேரும் சேர்ந்து படித்தோமே, அதுதான். காரணம் தெரிந்திருப்பதால் அந்த உணர்வு குறைவதில்லை. அதை மீறி முள்ளை நம்பும் பழக்கம் ஒன்றுதான் காப்பாற்றுகிறது.

1954-இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் செய்த சோதனையை நீ மறந்திருக்க மாட்டாய். கருவிப் பயிற்சி இல்லாத 20 பேரைக் கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்க விட்டார்கள். சராசரியாக 178 விநாடிகளில் விமானம் கட்டுப்பாட்டை இழந்தது. நமக்குப் பயிற்சி உண்டு, நாம் அவர்கள் இல்லை. ஆனால் பழக்கம் விட்ட ஒவ்வொரு மாதமும் நம்மை அவர்கள் பக்கமாகக் கொஞ்சம் நகர்த்துகிறது என்று உண்மையாகவே நம்புகிறேன். உனக்கு இதை இவ்வளவு வற்புறுத்தி எழுதுவதும் அதனால்தான்.

உன் ஊரில் இன்னொரு சிக்கல். ஃபீனிக்ஸில் கோடையில் வரும் மேகம் இடிமேகம், யாரும் உள்ளே போகக் கூடாது. குளிர்காலத்தில் மலைப்பக்கம் போனால் ஐஸ். இங்கே கடற்கரை ஸ்ட்ரேட்டஸ் மேகம் மெல்லிசு, இடியும் இல்லை, ஐஸும் இல்லை, மேலே வந்தால் வெயில். ஜனவரிக்குள் அங்கேயே நல்ல இன்ஸ்ட்ரக்டர் ஒருவரிடம் ஐ.பி.சி.யை முடித்துவிடு, அவகாசம் இருந்தாலும் பரவாயில்லை. ஜூன் மாதம் இங்கே வா. விமானத்தையும் பார்த்துக்கொள், உயரத்தைக் காட்டும் ஆல்டிமீட்டர், ரேடாருக்குப் பதில் சொல்லும் டிரான்ஸ்பாண்டர் இவற்றின் சோதனை 24 மாதம்தான் செல்லும். நிறைய நாள் நின்ற விமானத்தில் அதுவும் முடிந்திருக்கும்.

வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல். பதில் எழுதும்போது லாக்புக்கை எடுத்துவைத்துக்கொண்டு அந்தக் கடைசி ஆறு அப்ரோச்சின் தேதிகளைச் சரியாக எழுது. ஜனவரி என்பது நீ ஞாபகத்திலிருந்து சொன்னது.

அன்புடன்,
ரவி