புகைச் சோதனையோடு ஸ்கேனரையும் போடச் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சேலம் கோரிமேட்டில், ஏற்காடு போகும் ரோட்டோரம், கார் எலக்ட்ரிகல் பட்டறை வைத்திருக்கிறேன். கார்களுக்குப் புகைச் சான்றிதழ் கொடுக்கும்போது சைலன்சரில் குழாயை விட்டு அளப்பதோடு நிறுத்திக்கொள்ளாமல், ஸ்டியரிங்குக்கு அடியில், வண்டியின் கோளாறுகளைப் படிப்பதற்கென்று இருக்கும் ஓபிடி சாக்கெட்டில் ஸ்கேனரையும் மாட்டிப் பார்க்க வேண்டும். போக்குவரத்துத் துறையின் காதில் இது விழட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

இப்போது இருக்கும் சோதனை வீண் என்று சொல்ல வரவில்லை. பி.எஸ்.4, பி.எஸ்.6 என்கிற புகை விதிகளின்படி வந்த பெட்ரோல் கார் ஐடிலிங்கில் நிற்கும்போது கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதத்தையும், ஹைட்ரோகார்பன் 200 பிபிஎம்மையும் தாண்டக் கூடாது. ஆக்ஸிலேட்டரை மிதித்து 2,500 ஆர்பிஎம் வாக்கில் பிடிக்கும்போது காற்றும் பெட்ரோலும் சரியாகக் கலந்திருக்கிறதா என்று காட்டும் லாம்டா என்கிற அளவு 0.97-க்கும் 1.03-க்கும் நடுவில் நிற்க வேண்டும். நல்ல விதிதான். ஆனால் இது நிற்கிற வண்டியில் பார்க்கிற சோதனை. அதே வண்டி நாலு பேரையும் லக்கேஜையும் ஏற்றிக்கொண்டு, ஏற்காடு மலையின் 20 கொண்டை ஊசி வளைவுகளை இரண்டாவது கியரில் முக்கி ஏறும்போது என்ன கக்குகிறது என்று இது சொல்லாது. நைட்ரஜன் ஆக்சைடை இந்தச் சோதனையில் அளப்பதே இல்லை. புகையில் கொஞ்சத்தை மறுபடி என்ஜினுக்கே அனுப்பும் ஈஜிஆர் வால்வு கரி பிடித்து, மூடியபடி ஒட்டிக்கொண்ட வண்டி அதைத்தான் அதிகம் கக்கும். அந்த வண்டியும் ஒரு வருஷத்துக்குச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு போய்விடும்.

இத்தனைக்கும் அந்த வண்டியே தன் கோளாறைத் தனக்குள் எழுதி வைத்திருக்கும். அதை எடுத்துப் படிக்கத்தான் ஆள் இல்லை. டாஷ்போர்டில் மஞ்சளாக எரியும் செக் என்ஜின் விளக்கு அதற்காகத்தான் இருக்கிறது. என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் சொல்வது, “வண்டி நல்லாத்தானுங்கண்ணா ஓடுது, அந்த லைட்டை மட்டும் அணைச்சு உடுங்க.” விளக்கை அணைக்க இரண்டு நிமிஷம் போதும். எரிய வைத்தது எது என்று பார்க்கத்தான் அரை நாள் ஆகும். அந்த அரை நாள் கூலிக்குத்தான் முகம் சுளிக்கிறார்கள்.

பெட்ரோல் காரின் புகைக் குழாயில் பெரும்பாலும் இரண்டு ஆக்சிஜன் சென்சார் இருக்கும். புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. முன்னது சமைக்கிற கை என்றால், பின்னது உப்புப் பார்க்கிற நாக்கு. உள்ளே இருப்பது சிர்கோனியா என்கிற பீங்கான் வகை. சுமார் 300 டிகிரிக்கு மேல் சூடேறினால்தான் அது வேலை செய்யும். அதற்காகவே உள்ளே குட்டியாக ஒரு ஹீட்டர் உண்டு. புகையில் ஆக்சிஜன் குறைந்தால், அதாவது பெட்ரோல் கூடிவிட்டால், சென்சார் 0.9 வோல்ட் பக்கம் போகும். காற்று கூடினால் 0.1 பக்கம் இறங்கும். ஒரு கிலோ பெட்ரோலுக்கு 14.7 கிலோ காற்று என்கிற கணக்கு தப்பாமல் இருக்க, இந்த வோல்ட்டைப் பார்த்துத்தான் ஈசியூ என்கிற என்ஜின் கம்ப்யூட்டர் இன்ஜெக்டரைக் கூட்டிக் குறைக்கிறது.

ஸ்கேனரில் லைவ் டேட்டா போட்டால் இதைக் கண்ணால் பார்க்கலாம். நல்ல வண்டியில் முன்சென்சாரின் கோடு மேலும் கீழுமாக ஓயாமல் குதிக்கும். பின்சென்சாரின் கோடு 0.6, 0.7 என்று அதிகம் ஆடாமல் நிற்கும். பின்னதும் முன்னதைப் பார்த்துக் குதிக்க ஆரம்பித்தால், நடுவில் இருக்கும் கேட்டலிடிக் வேலையை விட்டுவிட்டது. பி0420 என்று கோளாறு கோட் விழுவது அப்போதுதான். (புது வண்டிகள் சிலவற்றில் முன்னால் இருப்பது வேறு ரகச் சென்சார்; அது இப்படிக் குதிக்காது. அதைப் பார்த்துவிட்டுச் சென்சார் போச்சு என்று யாரும் கழற்ற வேண்டாம்.)

சென்சாருக்கு வயசாகிவிட்டதா என்று பார்க்க எங்கள் ஊரில் ஒரு வசதி இருக்கிறது, மலை. அடிவாரம் தாண்டி சில வளைவுகள் ஏறி, வண்டியைத் திருப்பி, மூன்றாவது கியரில் வைத்து ஆக்ஸிலேட்டரை முழுசாக விட்டு இறங்க வேண்டும். பட்டறைப் பையன் பக்கத்து சீட்டில் ஸ்கேனரை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டு வருவான். கியரில் அப்படி இறங்கும்போது ஈசியூ பெட்ரோலை அடியோடு நிறுத்திவிடும். சைலன்சருக்குள் போவது வெறும் காற்று. முன்சென்சார் சட்டென்று பூஜ்யத்துக்குப் பக்கத்தில் விழ வேண்டும். தயங்கித் தயங்கி இறங்கினால் அதற்கு வேளை வந்துவிட்டது. ஹீட்டர் நன்றாக இருக்கிறது, கோட் எதுவும் இல்லை, ஆனால் மைலேஜ் மட்டும் இல்லை என்று வருகிற வண்டிகளின் குட்டு பல நேரம் இந்த இறக்கத்தில்தான் உடையும். பெட்ரோல் மிச்சமாகும் என்று நியூட்ரலில் உருட்டிக்கொண்டு இறங்கும் அண்ணன்மாருக்கும் இது சேதிதான். கியரில் இறங்கினால் நிற்கிற பெட்ரோல், நியூட்ரலில் ஐடிலிங்குக்காக ஓடிக்கொண்டே இருக்கும். பிரேக் காய்வது தனி.

ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். சேலத்திலிருந்து மேலே போய்ச் சேர்வதற்குள் காற்றழுத்தம் ஏழில் ஒரு பங்கு போலக் குறைந்துவிடும். கார்புரேட்டர் காலத்தில் மேலே போன வண்டி பெட்ரோல் கூடிக் கருப்பாகப் புகைக்கும். இப்போது மேப் சென்சார் அழுத்தத்தைச் சொல்ல, ஆக்சிஜன் சென்சார் மிச்சத்தைத் திருத்த, ஓட்டுகிறவருக்கே தெரியாமல் கணக்கு சரியாகிவிடுகிறது. 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோலிலும் இதே கதைதான். எத்தனாலில் ஆக்சிஜன் இருப்பதால் அதற்குக் கொஞ்சம் கூடுதல் எரிபொருள் வேண்டும். அதைச் சென்சார் பார்த்து, ஈசியூ கூட்டிக்கொடுக்கும். சென்சார் மந்தமாகிவிட்ட வண்டிக்காரர்தான் பிக்கப் இல்லை என்று பங்க்காரரோடு சண்டைக்குப் போகிறார். எத்தனாலால் மைலேஜ் கொஞ்சம் குறையும், அதை நான் மறுக்கவில்லை. எல்லாவற்றையும் அதன் தலையில் கட்ட முடியாது என்றுதான் சொல்கிறேன்.

என் தொழில்காரர்களையும் சொல்லத்தான் வேண்டும். பி0171 என்று கோட் வந்தால், கலவையில் காற்று அதிகம் என்று சென்சார் புகார் சொல்கிறது. புகார் சொன்ன சென்சாரையே கழற்றிப் போட்டுவிட்டுப் புதுசுக்குப் பில் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். புதுச் சென்சார் போட்டும் நாலாம் நாள் விளக்கு எரியும். இன்டேக் ஹோஸில் மடிப்புக்குள் ஒரு விரிசல் இருக்கும், விரலால் விரித்தால்தான் தெரியும். அல்லது சென்சாருக்கு முன்னால் சைலன்சர் ஜாயின்ட்டில் கேஸ்கட் ஊதியிருக்கும். அந்த ஓட்டை வழியாக வெளிக்காற்று உள்ளே போய்ச் சென்சாரை ஏமாற்றும்.

மலையில் நிற்கும் வண்டிகளுக்கு எலி பெரிய எதிரி. செம்மடுவு, நாகலூர் பக்கம் எஸ்டேட் ஷெட்டில் நாள் கணக்கில் நிற்கும் கார்களில் சென்சார் வயரைக் கடித்து வைத்திருக்கும். இங்கே ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. ஆக்சிஜன் சென்சார் பலவற்றுக்கும் ஒப்பிட்டுப் பார்க்க வெளிக்காற்று வேண்டும். அந்தக் காற்று வயரின் செப்பு இழைகளுக்கு நடுவில் இருக்கும் இடைவெளி வழியாகத்தான் உள்ளே போகிறது. கடிபட்ட வயரை ஈயம் வைத்துப் பற்றவைத்தால் காற்று போகும் வழி அடைபட்டுவிடும். கிரிம்ப் செய்துதான் இணைக்க வேண்டும். கப்ளருக்குள் கிரீஸ் அப்புவதும் கூடாது. ஊரே கிரீஸ் அப்புகிறது.

கேஸ்கட் பேஸ்ட் விஷயத்திலும் கவனம் வேண்டும். சாதாரண சிலிக்கான் பேஸ்ட்டைத் தாராளமாகப் பிதுக்கி என்ஜினைப் பூட்டினால், அதன் ஆவி எரிந்து சென்சார் முனையில் வெள்ளைப் படிவமாக ஒட்டிக்கொள்ளும். அப்புறம் அந்தச் சென்சார் பிழைக்காது. சென்சாருக்குப் பாதகமில்லாத பேஸ்ட் தனியாகக் கிடைக்கிறது, ட்யூபிலேயே எழுதியிருக்கும். ஆயில் எரிகிற என்ஜினும், கூலன்ட் உள்ளே கசிகிற என்ஜினும் சென்சாரை இதே போலக் கெடுக்கும். கருப்பூர் பக்கம் வெள்ளைக்கல் சுரங்கங்களை ஒட்டி ஓடும் வண்டிகளின் ஏர் ஃபில்டரைக் கழற்றித் தட்டிப் பாருங்கள், மாவு கொட்டும். புத்தகத்தில் போட்ட கிலோமீட்டருக்குக் காத்திருக்காமல் முன்னதாகவே மாற்றிவிடுவது நல்லது. காற்றளவைப் பார்க்கும் மாஃப் சென்சாரில் உள்ள மெல்லிய கம்பியில் தூசி படிந்தால், அதற்கென்று விற்கும் ஸ்ப்ரேயை மட்டும் அடிக்க வேண்டும். துணியால் துடைத்தால் அன்றோடு சரி.

விளக்கு நிலையாக எரிந்தால் பட்டறை வரை ஓட்டி வரலாம். விட்டு விட்டுச் சிமிட்டினால் ஓரங்கட்டி நிறுத்துங்கள். பிளக்கோ காயிலோ போய், எரியாத பெட்ரோல் கேட்டலிடிக்குக்குள் போய் எரிகிறது என்று பொருள். மலை ஏற்றத்தில் அப்படியே மிதித்துக்கொண்டு போனால் உள்ளே இருக்கும் பீங்கான் கூடு உருகிவிடும். சில ஆயிரத்தில் முடிகிற காயில் செலவு பல மடங்காகும். பிளாட்டினம், பெல்லேடியம், ரோடியம் பூசிய பொருள் அது.

டீசல் பி.எஸ்.6 வண்டிகளில் தொல்லை வேறு மாதிரி. புகையில் உள்ள கரியைப் பிடித்து வைக்கும் டிபிஎஃப் ஃபில்டரில் கரி சேர்ந்ததும், முன்னும் பின்னும் உள்ள அழுத்த வித்தியாசத்தை ஒரு சென்சார் சொல்லும். ஈசியூ கூடுதல் டீசல் விட்டு ஃபில்டரை 600 டிகிரி வாக்கில் சூடேற்றிக் கரியை எரிக்கும். அதற்கு வண்டி கொஞ்ச நேரம் சீராக ஓட வேண்டும். எஸ்டேட்டுக்கும் ஏற்காடு டவுனுக்கும் மட்டும் போய் வரும் வண்டியில் எரிப்பு பாதியிலேயே நின்றுவிடும். கூடுதலாக விட்ட டீசல் சில வண்டிகளில் ஆயிலில் கலந்து டிப்ஸ்டிக்கில் அளவு ஏறும். என்னிடம் வரும் எஸ்டேட்காரர் ஒருவரிடம், ஓமலூர் தாண்டி தர்மபுரி ரோட்டில் அவ்வப்போது இருபது நிமிஷம் சீராக ஓட்டிவிட்டு வாருங்கள் என்றேன். அந்த டீசலுக்கு யார் காசு தருவது என்றார். டிபிஎஃப் மாற்றிய இன்னொருவரின் பில்லைக் காட்டினேன். இப்போது வாரா வாரம் போய் வருகிறார்.

இதையெல்லாம் செய்ய மனமில்லாதவர்களுக்குக் குறுக்கு வழிகள் ஊரில் மலிந்து கிடக்கின்றன. பின்சென்சாருக்கு அடியில் நீள நட்டு ஒன்றைக் கொடுத்துப் புகையிலிருந்து விலக்கி வைக்கிறார்கள். கேட்டலிடிக்கின் உள்ளே இருப்பதை எடைக்குப் போட்டுவிட்டு வெறும் டப்பாவை வெல்டிங் வைக்கிறார்கள். ஈசியூ புரோகிராமையே மாற்றி விளக்கு எரியாமல் செய்கிறார்கள். புகை மையத்தில் ஸ்கேனரும் இருந்தால் இவற்றில் சில பிடிபடும். சோதனைக்குக் கிளம்பும் முன் கோட் அழித்துவிட்டு வந்தாலும் தெரிந்துவிடும். அழித்த பிறகு, ஒவ்வொரு சென்சாரையும் வண்டி மறுபடி சோதித்து முடிக்கும் வரை, ஸ்கேனரில் ரெடினஸ் என்கிற பகுதி ‘முடியவில்லை’ என்றே காட்டும். அமெரிக்காவில் பல மாநிலங்களில் 1996-லும் அதற்குப் பிறகும் வந்த கார்களை இப்படி சாக்கெட்டில் மாட்டித்தான் பார்க்கிறார்கள். நம் ஊரில் 2020 ஏப்ரலுக்குப் பிறகு விற்ற பி.எஸ்.6 கார் எல்லாவற்றிலும் அந்த சாக்கெட் இருக்கிறது. செல்போனோடு சேர்கிற சின்ன ஸ்கேனர் ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறது.

முதல் வருஷம் அபராதம் வேண்டாம். சான்றிதழ் இல்லாவிட்டால் 10,000 ரூபாய் வரை போடலாம் என்று சட்டம் ஏற்கெனவே சொல்கிறது. அதைக் காட்டி மிரட்டினால் ஜனங்கள் நட்டு வைப்பவரைத்தான் தேடிப் போவார்கள். கோடை விழா சமயத்தில் அடிவாரம் செக்போஸ்ட் பக்கம் ஒரு பந்தல் போட்டு, மேலே போகும் வண்டிகளுக்கு இலவசமாகப் படித்துக் காட்டி, கோட் எழுதிய சீட்டைக் கையில் கொடுத்தால் போதும். அதற்கு எங்கள் பக்கத்துப் பட்டறைக்காரர்கள் சிலர் ஆளும் ஸ்கேனரும் தரத் தயார். பேசி வைத்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

பழைய கார் பார்க்கப் போகிறவர்கள் ஸ்கேனர் இல்லாமலேயே ஒன்று செய்யலாம். சாவியை ஆனில் வையுங்கள், ஸ்டார்ட் செய்ய வேண்டாம். செக் என்ஜின் விளக்கு எரிய வேண்டும். ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். ஆனில் எரியவே இல்லை என்றால் யாரோ அதைப் பிடுங்கியிருக்கிறார்கள். விலை பேசாமல் வந்துவிடுங்கள்.

இப்படிக்கு,
கார் எலக்ட்ரீஷியன்,
கோரிமேடு, சேலம்.