மூச்சை எண்ணியவர்களுக்கு நன்றி

கொரோனாவிலிருந்து குழந்தைகளைக் காத்து நின்ற பெற்றோர், செவிலியர், ஆசிரியர் அனைவருக்கும் குழந்தைகள் நல மருத்துவர்களாகிய எங்கள் வணக்கம்.

பெரும்பாலான பிள்ளைகளுக்குக் காய்ச்சல், இருமல், வாந்தி, வயிற்றுப்போக்கு என்று சில நாளில் தணிந்துவிட்டது. தணியாத பிள்ளைகள் நேரத்தோடு மருத்துவமனை வந்து சேர்ந்தது உங்களால்தான்.

முதல் நன்றி, மூச்சை எண்ணிய பெற்றோருக்கு. குழந்தை அழாத நேரமாகப் பார்த்து, சட்டையை உயர்த்தி, வயிறு ஏறி இறங்குவதை முழுதாக ஒரு நிமிடம் எண்ணினீர்கள். 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்கினால் கணக்குத் தப்பும். கைக்குழந்தையின் மூச்சு விரைந்தும் தயங்கியும்தான் ஓடும். 2 மாதம் நிறையாத குழந்தைக்கு 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40: இதைத் தொட்டாலே மருத்துவரிடம் காட்ட வேண்டும். விலா இடுக்கில் சதை உள்வாங்கினாலோ, உதடு நீலம் பாரித்தாலோ எண்ணிக்கொண்டிருக்கக் கூடாது, கிளம்பிவிட வேண்டும். பிஞ்சு விரலில், ரத்தத்தின் ஆக்ஸிஜன் அளவைக் காட்டும் ஆக்ஸிமீட்டர் சரியாகப் பொருந்தாமல் நல்ல எண்ணைக் காட்டியபோதும் குழந்தையின் முகத்தை நம்பினீர்களே, அதுதான் சரி.

செவிலியர்களே, மருந்துப் பாட்டிலின் சீட்டைப் படித்துக் காட்டிய பொறுமைக்கு நன்றி. பாராசிட்டமால் அளவு வயதுக்கல்ல, எடைக்கு: ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம். 8 கிலோ குழந்தைக்கு 80 முதல் 120 போதும். 1 மில்லியில் 100 மில்லிகிராம் உள்ள சொட்டு மருந்தைச் சிரப் என்று நினைத்து 5 மில்லி ஊற்றினால் 500 உள்ளே போய்விடும். நாள் முழுக்க அப்படியே கொடுத்தால் கல்லீரல் கெடும். சிரிஞ்சில் பேனாவால் நீங்கள் இழுத்த ஒரு கோடு அதைத் தடுத்தது. காய்ச்சலுக்கு ஆஸ்பிரின் கூடாது என்று விடாமல் சொன்னதற்கும் நன்றி.

வகுப்பறையின் எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்துவைத்த ஆசிரியர்களுக்கும், தொற்றோடு இருந்தும் கைகழுவி, முகக்கவசம் அணிந்து தாய்ப்பால் தந்த அம்மாக்களுக்கும் நன்றி. 2 வயதுக்குட்பட்ட குழந்தைக்கு மட்டும் முகக்கவசம் போடாதீர்கள். மூச்சு முட்டினால் அதற்குக் கழற்றத் தெரியாது.

இன்னொரு நன்றி பாக்கி இருக்கிறது. தொற்று வந்து 2 முதல் 6 வாரம் கழித்து விடாத காய்ச்சல், சிவந்த கண், தடிப்பு, வயிற்றுவலி என்று சில பிள்ளைகள் வந்தார்கள். பலருக்கு முன்பு தும்மல்கூட இருந்ததில்லை. "போன மாதம் தாத்தாவுக்குக் கொரோனா" என்று பெற்றோராகிய நீங்கள் சொன்ன ஒரு வரியில்தான், தொற்றுக்குப் பின் உடலின் பல உறுப்புகளில் ஒருசேர வரும் அழற்சியை (MIS-C) சந்தேகித்து, இதயத்துக்கு எக்கோ ஸ்கேன் எடுத்தோம். இதயம் தளருமுன், அழற்சியைத் தணிக்கும் இம்யூனோகுளோபுலினும் ஸ்டீராய்டும் ஏற்ற முடிந்தது.

அன்புடன்,
குழந்தைகள் நல மருத்துவர்கள்