கட்-ஆஃப் 190: பாஸ்கருக்கு ஒரு கடிதம்

துறையூர்
மே 18

அன்புள்ள பாஸ்கர்,

நீ அனுப்பிய மார்க் ஷீட் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கணக்கு 96, இயற்பியல் 93, வேதியியல் 95. முதலில் உன் மகள் நந்தினிக்கு என் வாழ்த்தைச் சொல். பிள்ளை மூன்று பாடத்திலும் தொண்ணூறைத் தாண்டியிருக்கிறாள், நீயானால் கீழே "இது நல்ல மார்க்காடா?" என்று கேட்டிருக்கிறாய். நீ வாங்கியதைவிட இது கொஞ்சம் மேல் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

வாட்ஸ்அப்பில் பதில் தட்ட ஆரம்பித்துப் பாதியில் விட்டுவிட்டேன். கேள்வி ஒற்றை வரிதான், பதில் அவ்வளவு சுருக்கமில்லை. அதனால்தான் பழையபடி பேப்பரும் பேனாவும்.

பொறியியல் சேர்க்கைக்கான கட்-ஆஃப் கணக்கு உனக்கு மறந்திருக்காது. கணக்கு மார்க் அப்படியே. இயற்பியலிலும் வேதியியலிலும் பாதிப் பாதி. 96, 46.5, 47.5. ஆக 200-க்கு 190. நம் காலத்தில் இதன் தலையில் நுழைவுத் தேர்வு 100 உட்கார்ந்திருந்தது, மொத்தம் 300. 1998-இல் என் பிளஸ் டூ கட்-ஆஃப் 196.5, உன்னுடையது 189.75. முடிவு வந்த புதிதில் நீ உன்னைப் பார்க்க வந்தவர்களிடம் எல்லாம் என் மார்க்கைச் சொல்லிக்கொண்டு திரிந்தாய். அப்புறம் நுழைவுத் தேர்வு முடிவு வந்தது. உனக்கு 92, எனக்கு 66. நீ அரசுப் பொறியியல் கல்லூரிக்குப் போனாய். எனக்கும் தனியார் கல்லூரியில் ஏதாவது ஒரு இடம் கிடைத்திருக்கும், அந்தப் பீஸுக்கு அப்பா நிலத்தை விற்க வேண்டியிருந்திருக்கும். பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி சேர்ந்தேன். இதை வருத்தப்பட்டுச் சொல்லவில்லை. பாடம் எடுப்பது எனக்குப் பிடித்த வேலை. ஆனால் ஒன்று இன்றுவரை விளங்கவில்லை: அந்த 196.5 நானா, 66 நானா? நான்கு விடையில் ஒன்றைச் சட்டென்று பிடிக்க எனக்கு அப்போது வராது. புத்தகத்தில் இருப்பதை வரி பிசகாமல் எழுத வரும். உனக்கு நேர்மாறு.

1984-இல் வந்த அந்த நுழைவுத் தேர்வை எடுத்துவிடுவதற்குள் எத்தனை வழக்கு! ஜெயலலிதா அரசு ரத்து செய்தது, கோர்ட் நிறுத்தியது. கடைசியில் அனந்தகிருஷ்ணன் குழுவின் பரிந்துரையை வைத்து தி.மு.க. அரசு 2006-இல் சட்டம் போட்டு, ஜனாதிபதி ஒப்புதல் வாங்கி, 2007 சேர்க்கையிலிருந்து பிளஸ் டூ மார்க் மட்டும் போதும் என்றானது. கோச்சிங்குக்குப் பணமில்லாத கிராமத்துப் பிள்ளைக்கு வழி திறக்க வேண்டும் என்பது நோக்கம். நான் அதை முழு மனதோடு ஆதரித்தவன். இப்போதும் ஆதரிக்கிறேன்.

ஆனால் அதற்குப் பிறகு பள்ளிக்கூடங்களுக்கு என்ன ஆனது என்பதை உள்ளேயிருந்து பார்த்தேன். ஆசிரியர் தேர்வு வாரியமான டி.ஆர்.பி.யில் தேர்வாவதற்கு முன்னால் நாமக்கல் பக்கம் ஒரு விடுதிப் பள்ளியில் இரண்டு வருஷம் வேலை பார்த்தேன் அல்லவா, பெயர் வேண்டாம். ஜூனில் பிளஸ் ஒன் சேர்ந்த பையனுக்கு ஜூலையில் பிளஸ் டூ புத்தகம் கையில் இருக்கும். பிளஸ் ஒன் பாடம் பேருக்கு இரண்டு மாதம், சில பிரிவுகளில் அதுவும் கிடையாது. நுழைவுத் தேர்வு இருந்தவரை இரண்டு வருஷப் பாடத்தையும் படித்தாக வேண்டிய ஒரு கட்டாயம் இருந்தது. அது போனதும் பிளஸ் ஒன்னுக்கு விலை இல்லாமல் போய்விட்டது. விடிகாலை ஐந்து மணிக்கு ஸ்டடி, இரவு பத்து வரை டெஸ்ட், மறுபடி அதே பாடம், மறுபடி டெஸ்ட். ஊரில் கோழிப் பண்ணை வேறு நிறைய, பேர் வைக்க யாரும் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. பிராய்லர் பள்ளி என்றார்கள். எந்தப் பாடத்தில் எத்தனை மார்க் கேள்வி வரும் என்று அப்போது புளூபிரிண்டும் இருந்தது. அந்தப் பிள்ளைகள் 198, 199 என்று வாங்கிக்கொண்டு பொறியியல் போனார்கள். முதல் செமஸ்டர் கணக்கில் அரியர் வைத்துவிட்டு எனக்குப் போன் செய்வார்கள். "சார், இது பிளஸ் ஒன் பாடமாம் சார்" என்பார்கள். அவர்களுக்கு நான் என்ன சொல்ல? அதை நடத்தாமல் விட்ட ஆட்களில் நானும் ஒருவன்.

இதைச் சரிசெய்யத்தான் 2018 மார்ச்சில் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத் தேர்வு வந்தது. முதலில் இரண்டு வருஷ மார்க்கையும் சேர்ப்போம் என்றார்கள். சில மாதங்களிலேயே, உயர்கல்விச் சேர்க்கைக்கு பிளஸ் டூ மட்டும்தான் என்று மாற்றினார்கள். சேர்க்கைக்கு உதவாத பரீட்சையைப் பள்ளிகள் எவ்வளவு மதிக்கும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2025-இல் அதையும் எடுத்துவிட்டார்கள். புளூபிரிண்ட் நடுவிலேயே போனது, அது நல்லது.

இன்னொன்று நடந்தது, அதை வெளியில் அவ்வளவாக யாரும் பேசவில்லை. ஒரு பாடத்துக்கு 200 மார்க் என்று இருந்ததை 100 ஆக்கினார்கள் அல்லவா? மொத்தம் 1200 போய் 600. முன்பு வேதியியலில் ஒரு மார்க் குறைந்தால் கட்-ஆஃபில் கால் மார்க்தான் போகும். இப்போது அரை மார்க். 199.75 என்ற படியே இல்லாமல் போய்விட்டது. 200-க்கு அடுத்து 199.5. படிகள் பாதியாகக் குறைந்தால் ஒவ்வொரு படியிலும் நிற்கிற கூட்டம் கூடத்தானே செய்யும்? ஒரே கட்-ஆஃபில் நிற்பவர்களை எப்படிப் பிரிப்பது? கணக்கு மார்க் யாருக்கு அதிகம், இயற்பியலில் யாருக்கு அதிகம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்து, கடைசியில் யார் முதலில் பிறந்தவர் என்று பார்ப்பார்கள். வயதில் மூத்தவருக்கு முன்னுரிமை. பிறந்த தேதியும் ஒன்றாக இருந்தால் கம்ப்யூட்டர் கொடுத்த பத்து இலக்க ரேண்டம் நம்பர். நந்தினியை ஒரு வருஷம் முன்னாலேயே எல்.கே.ஜி.யில் தள்ள நீ பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக அலைந்தது நினைவிருக்கிறதா? அதன் பலனை இப்போது அனுபவி.

அந்த ஒரு மார்க் எங்கே போகிறது என்பதையும் சொல்கிறேன். இந்த ஏப்ரலிலும் விடைத்தாள் திருத்தும் முகாமுக்குப் போயிருந்தேன். காலையில் ஒரு கட்டு, மதியம் ஒரு கட்டு. மேலே மின்விசிறி சுற்றினால் தாள் பறக்கிறது, நிறுத்தினால் வியர்வை தாளில் சொட்டுகிறது. பெயர், ஊர் எதுவும் தெரியாது. ஒரு தாள் வந்தது. கையெழுத்தைப் பார்த்துப் பெண் என்று நானாக முடிவு செய்துகொண்டேன். கடைசிப் பக்கம் வரை ஒரு அடித்தல் இல்லை. எழுத்துத் தேர்வு 70-க்கு 70 என்று கை தானாகவே எழுதப் போன நேரத்தில், ஒரு மூன்று மார்க் கேள்வியில் கண் நின்றது. வினை சரி, விளைபொருள் சரி, சமன்பாடு சரி. அம்புக்குறியின் மேல் வினையூக்கியை எழுத விட்டுவிட்டாள். விடைக்குறிப்பில் அதற்கு ஒரு மார்க். சீஃப் எக்ஸாமினரிடம் கொண்டுபோனேன். "தெரியாமலா இருக்கும்? அவசரத்தில் விட்டிருக்கும். ஆனால் கீயில் இருக்கே சார்" என்றார். குறைத்தேன். 69. செய்முறை 20, அகமதிப்பீடு 10 எல்லாப் பிள்ளைக்கும் அநேகமாக முழுசாகப் போய்விடும். அப்படியானால் அவளுக்கு 99. கட்-ஆஃபில் அரை மார்க். மேல் வரிசையில் அந்த அரை மார்க்குக்குள் எத்தனை பேர் அடைந்திருப்பார்கள் என்று யோசித்தபடியே அடுத்த தாளை எடுத்தேன். அது 31 வாங்கிய தாள். அங்கே ஒரு மார்க் போட்டாலும் போடாவிட்டாலும் கல்லூரி விஷயத்தில் ஒன்றும் மாறப்போவதில்லை. மனசு கொஞ்சம் தாராளமாகிவிட்டது என்பதையும் உன்னிடம் மறைக்கவில்லை.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். சி.பி.எஸ்.இ. பிள்ளைக்கு இங்கே நஷ்டமா என்று கேட்டாய். அந்த 2006 சட்டத்திலேயே இதற்கு வழி சொல்லியிருக்கிறது. ஒரு பாடத்தில் மாநிலப் பாடத்திட்டத்தில் முதல் மார்க் 100, வேறொரு போர்டில் முதல் மார்க் 90 என்றால், அந்த 90-ஐ 100-க்குச் சமமாக வைப்பார்கள். அங்கே 60 வாங்கியவனுக்கு 66.66 ஆகும். கேட்கும்போது நியாயமாக இருக்கிறது. ஆனால் இப்போது எல்லா போர்டிலும் யாராவது ஒருவர் 100-ஐத் தொட்டுவிடுகிறார். அப்போது எந்த மார்க்கும் நகராது. உச்சியை மட்டும் சமப்படுத்துகிற கணக்கு இது. நடுவில் ஒரு போர்டு தாராளமா, இன்னொன்று கறாரா என்பதை அது பார்ப்பதே இல்லை. எனவே நந்தினியின் 190 அநேகமாக 190 ஆகவே இருக்கும். கிண்டி பொறியியல் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயன்ஸை மறந்துவிடு. நல்ல கல்லூரியில் நல்ல பிரிவு கிடைக்கும், அதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஜே.இ.இ. நுழைவுத் தேர்வில் 96 என்று பெருமையாக எழுதியிருந்தாய். அது மார்க் இல்லை பாஸ்கர், பர்சன்டைல். எழுதியவர்கள் சுமார் 14 லட்சம் பேர். மேலே இருக்கிற 4 சதவீதம் என்றால் 56 ஆயிரம் பேர் அவளுக்கு முன்னால் நிற்கிறார்கள். இன்னொரு சிக்கலும் உண்டு. மத்திய அரசின் பொறியியல் கல்லூரிகளான என்.ஐ.டி.களில் பாதி இடம் அந்தந்த மாநிலத்துக்கு. எந்த மாநிலம் என்பதை பிளஸ் டூ எங்கே எழுதினாய் என்பதை வைத்துத்தான் முடிவு செய்வார்கள். நந்தினி புனேயில் எழுதியதால் அவர்கள் கணக்கில் மகாராஷ்டிரப் பெண். நம் ஊரிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிற திருச்சி என்.ஐ.டி.க்கு அவள் வெளிமாநிலத்தவள். நாக்பூர்தான் சொந்த மாநிலத்து என்.ஐ.டி. ஆனால் அண்ணா பல்கலைக்கழகத்துக்கு, தமிழ்நாட்டுக்காரர் என்கிற நேட்டிவிட்டி சான்றிதழ் இருந்தால் நம் ஊர்ப் பெண். பிளஸ் டூ மார்க்கின் மதிப்பும் என்.ஐ.டி.யில் வேறு மாதிரி: 75 சதவீதம் தாண்டினால் உள்ளே விடுவார்கள், அதற்கு மேல் அதைத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். 2013 முதல் 2016 வரை ஜே.இ.இ. மெயினில் போர்டு மார்க்குக்கு 40 சதவீதம் கொடுத்துப் பார்த்தார்கள். போர்டுக்குப் போர்டு சமப்படுத்துவதற்குள் போதும் போதும் என்றாகி 2017-இல் கைவிட்டார்கள்.

நுழைவுத் தேர்வு மட்டும் இருந்தால் சரியாகிவிடும் என்றும் நினைக்காதே. நீட் வந்த 2017-இலிருந்து என் வகுப்பில் டாக்டர் ஆக வேண்டும் என்று சொல்கிற பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள். 2018-இல் தமிழ் வினாத்தாளில் 49 கேள்விகளின் மொழிபெயர்ப்பில் பிழை. உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 196 மார்க் கருணை மதிப்பெண் கொடுக்கச் சொன்னது, உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. தமிழ் வழியில் எழுதிய என் பையன் ஒருவன் வழக்கு நடந்த அத்தனை நாளும் வினாத்தாளை மடித்துச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தான். இப்போது லேப் டெக்னீஷியன்.

எனக்கு உருப்படியாகத் தெரிந்தது 7.5 சதவீத ஒதுக்கீடுதான். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2020-இல் மருத்துவத்திலும் அடுத்த வருஷம் பொறியியலிலும் கொடுத்தார்கள். என் மாணவி ஒருத்தி, அம்மாவுக்கு நூறு நாள் வேலை, 171 கட்-ஆஃபில் அரசுக் கல்லூரியில் மெக்கானிக்கல் போனாள். கல்லூரி, விடுதிக் கட்டணம் எல்லாம் அரசே கட்டியது. முதல் வருஷம் இரண்டு அரியர். மூன்றாம் வருஷத்தில் எல்லாவற்றையும் முடித்துவிட்டு, பொங்கலுக்கு வந்து என் பையனுக்கு வெக்டர் சொல்லிக்கொடுத்தாள். நான்கு டியூஷன் வைத்துப் படித்த 190-க்கு இவளுடைய 171 எந்த விதத்தில் குறைச்சல் என்று என்னைக் கேட்டால் எனக்குப் பதில் தெரியாது. நந்தினியைக் குறைத்துச் சொல்லவில்லை, தப்பாக எடுத்துக்கொள்ளாதே.

கவுன்சலிங் இப்போது வீட்டிலிருந்தே. அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் வேப்ப மரத்தடியில் உன் அப்பாவோடு கட்டுச்சோறு தின்றுவிட்டு, பெரிய திரையில் காலியிடம் ஒவ்வொன்றாகக் குறைவதைப் பார்த்துக்கொண்டிருந்த கதையெல்லாம் பழசு. விருப்பப் பட்டியலில் எத்தனை கல்லூரி வேண்டுமானாலும் போடலாம். கஞ்சத்தனம் பண்ணாமல் நிறையப் போடு. அவளுக்கு எது பிடிக்கிறதோ அதை மேலே வை; "இது கிடைக்கும்" என்று நீ நினைப்பதை மேலே வைத்தால் அதுதான் கிடைக்கும், அவளுக்குப் பிடித்தது கைவிட்டுப் போகும்.

நேட்டிவிட்டிக்கு உன் பள்ளிக்கூட டி.சி. கேட்பார்கள் என்று நினைக்கிறேன். அது உங்கள் பழைய வீட்டு மச்சில் இருக்கிற டிரங்குப் பெட்டியில்தான் இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை போய்த் தேடிப் பார்க்கிறேன். வீட்டுச் சாவி உன் சின்னம்மாவிடமா, வாடகைக்கு இருப்பவரிடமா? அதை மட்டும் வாட்ஸ்அப்பில் போடு.

உன்
குமரேசன்