ரெரா முகவர் பதிவு வாங்கித் தராமல் வெறும் தாளைச் சான்றிதழ் என்று கொடுத்தது குறித்துப் புகார்

நாள்: 10.02.2025

அனுப்புநர்
மனைத் தரகர், திருவெறும்பூர், திருச்சிராப்பள்ளி மாவட்டம்.

பெறுநர்
மேலாளர், பதிவு ஆலோசனை நிறுவனம், திருச்சிராப்பள்ளி.

ஐயா,

வணக்கம். பதினாறு வருடமாக இந்த ஊரில் வீடு, மனை முடித்துக் கொடுக்கிறேன். பெரும்பாலும் கைமாறும் பழைய வீடுகள்தான் என்பதால் ரெராவில் (மனை வணிக ஒழுங்குமுறை ஆணையத்தில்) பதியும் தேவை வரவில்லை. போன வருடம் லேஅவுட்காரர் ஒருவர் தன் புது மனைகளை விற்றுத்தரச் சொன்னார். 2016ஆம் ஆண்டு ரெரா சட்டத்தின் 9ஆம் பிரிவுப்படி, பதிவான திட்டத்தில் மனை விற்க தரகரும் பதிந்திருக்க வேண்டும் என்று அவர்தான் எடுத்துச் சொன்னார். அதற்காகவே உங்களிடம் வந்தேன்.

ஆகஸ்ட் 26 அன்று அரசுக் கட்டணம் என்று 25,000, உங்கள் கூலி என்று 9,000, ஆக 34,000 ரூபாய் கொடுத்தேன். சீட்டைத் தள்ளி எடுத்த பணம் அது. பான், ஆதார், அலுவலக வாடகை ஒப்பந்தத்தின் அசல், மூன்று வருட வருமான வரிக் கணக்கு எல்லாம் வாங்கிக்கொண்டீர்கள். அரசுக் கட்டண ரசீது கேட்டதற்கு, "ஆன்லைன்ல கட்டியாச்சுங்க, கம்ப்யூட்டர்ல இருக்கு" என்றார் உங்கள் ஊழியர். இன்றுவரை அந்த ரசீது என் கைக்கு வரவில்லை.

அக்டோபரில் லேமினேஷன் செய்த ஒரு தாளைக் கொடுத்தீர்கள். மேலே சிங்க முத்திரை, கீழே உங்கள் நிறுவனத்தின் வட்ட முத்திரை, நடுவில் என் போட்டோ, ஆறு இலக்க எண். அந்த எண்ணைப் போட்டு 500 விசிட்டிங் கார்டு அடித்தேன். இரண்டு குடும்பங்களை லேஅவுட்டுக்குக் கூட்டிப்போய் மனை காட்டி, டோக்கன் அட்வான்ஸும் வாங்கினேன்.

ஜனவரியில் ஒப்பந்தம் எழுத உட்கார்ந்தபோது லேஅவுட் அலுவலகக் கணக்குப்பிள்ளை ரெரா இணையதளத்தில் முகவர் பட்டியலைத் திறந்தார். என் பெயரைப் போட்டார், இல்லை. எண்ணைப் போட்டார், இல்லை. ஒன்றும் பேசாமல் தாளை மேசைமேல் என் பக்கம் தள்ளிவிட்டார். தமிழ்நாட்டு முகவர் எண்ணில் மாநில எழுத்து, ஏஜென்ட் என்ற சொல், வரிசை எண், ஆண்டு எல்லாம் இருக்கும் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. நீங்கள் கொடுத்தது உங்கள் ஃபைல் எண்.

மனை வாங்க வந்திருந்த பெல் ஆலை ஓய்வூதியர் பக்கத்திலேயே இருந்தார். என்னைக் கோபித்துக்கொள்ளவில்லை. "பணத்தை மட்டும் இப்ப குடுத்துடுங்க தம்பி" என்றார். கொடுத்துவிட்டேன். மறுநாள் இன்னொரு குடும்பமும் வாங்கிக்கொண்டது. என் தொழிலில் கடையும் இல்லை, சரக்கும் இல்லை. என் வாய்ச்சொல்லை நம்பித்தான் ஆட்கள் வருகிறார்கள்.

உங்களுக்குப் போன் செய்தபோது, "விண்ணப்பம் போட்டு முப்பது நாள்ல பதில் வரலேன்னா பதிவானதாத்தான் அர்த்தம்" என்றார்கள். அப்படி ஒரு வழி சட்டத்தில் இருப்பது உண்மைதான், ஆனால் விண்ணப்பமே போடாதவனுக்கு அது எப்படிப் பொருந்தும்? விண்ணப்ப எண்ணை நான்கு முறை கேட்டும் நீங்கள் தரவில்லை. கடைசியாகப் பேசியவர், "நம்பர் இருந்தா போதும் சார், யார் போய்ப் பார்க்கப்போறா" என்றார். பதிவில்லாமல் மனை விற்றால் 62ஆம் பிரிவுப்படி நாளொன்றுக்கு 10,000 ரூபாய் அபராதம், மொத்தம் மனை விலையில் 5 சதவீதம் வரை போகலாம். அதைக் கட்டவேண்டியவன் நான், உங்கள் ஊழியர் அல்ல.

எனக்கு முதலில் வேண்டியது ஒரு கடிதம். தவறு உங்களுடையது, எனக்குத் தெரியாமல் நடந்தது என்று உங்கள் லெட்டர்பேடில் எழுதிக் கையெழுத்திட்டுத் தாருங்கள். அந்த இரண்டு வீட்டுக்கும் லேஅவுட்காரருக்கும் நான் காட்டவேண்டும். 34,000 ரூபாயையும், என் அசல் ஆவணத்தையும், நகல்கள் அனைத்தையும் திருப்பித் தாருங்கள். பதிவை நானே நேரில் போட்டுக்கொள்கிறேன்.

15 நாளுக்குள் இவை வராவிட்டால் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட ஆணையத்தில் மனுக் கொடுப்பேன். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் கிடையாது.

இப்படிக்கு,
(கையொப்பம்)

இணைப்பு: பணம் செலுத்திய விவரம், நீங்கள் கொடுத்த தாளின் ஜெராக்ஸ், விசிட்டிங் கார்டு ஒன்று.